வெள்ளம் வரிசை வைக்காது

வெள்ளம் என்ன செய்யும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நான் அதைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளியவள். தில்லியின் ஜூலை மழையில், சுடிதாரை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு, அலுவலகத்துக் கீழ்த்தளத்தில் மூன்று நாள் நின்றிருக்கிறேன். அதனால்தான் எங்கள் சபை என்னிடம் ஒரு தாளை நீட்டி, உலகத்துப் பாறை அடுக்குகளையெல்லாம் ஒரே வெள்ளம் ஒரே வருஷத்தில் அடுக்கி வைத்தது என்று நம்புவதாகக் கையெழுத்துப் போடு, இல்லையென்றால் ஞாயிறு வகுப்பை விட்டுவிடு என்றபோது, துக்கத்துக்கு முன்னால் எனக்குக் கோபம் வந்தது.

அந்த வகுப்பு எனக்கு என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆர்.கே.புரத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு பள்ளிக்கூட ஹாலில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபை கூடுகிறது. ஆராதனைக்கு முன்னால் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்கு வகுப்பு. இருபத்திரண்டு வருஷமாக அதை நான்தான் எடுத்தேன். வேதக் கதை சொல்வேன், பாட்டுச் சொல்லிக்கொடுப்பேன். அதைவிட, தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்க வைப்பேன். எல்லாம் தில்லியில் பிறந்த பிள்ளைகள். வீட்டில் அம்மா தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்கிறவை. ‘ழ’ என்று எழுதிக் காட்டினால், இது ஏதோ நண்டு என்கிறவை. தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப்பை இடித்து ஆட்களைத் தில்லியின் எல்லையில் இருக்கும் நரேலாவுக்கு அனுப்பிய பிறகும், விடியற்காலையில் கிளம்பி மூன்று பஸ் மாறி வந்துகொண்டிருந்த பிள்ளைகள் இரண்டு பேர் அதில் உண்டு.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பிள்ளை கிடையாது. வாரத்தில் ஐந்து நாள் நான் அலுவலகத்தில் ‘மேடம்’, சனிக்கிழமை யாருக்கும் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு மணி நேரம்தான், நான் வந்துவிட்டேனா என்று வாசலை எட்டிப் பார்க்க ஆள் இருந்தது. அதைத்தான் ஒரு கையெழுத்துக்கு எதிராகத் தராசில் வைத்தார்கள்.

தாளைக் கொண்டுவந்தவர் என் அண்ணன். சபைச் செயலாளர். மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அப்பா இறந்ததும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து என்னைக் கூட்டிவந்து, தன் இரண்டறை குவார்ட்டர்ஸில் வைத்து, எம்.எஸ்ஸி. வரை படிக்க வைத்தவர். வேலைக்கான விளம்பரத்தைப் பேப்பரிலிருந்து கத்தரித்துக் கொடுத்ததும் அவர்தான். அவருடைய கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். சபையின் கூட்டக் குறிப்பேட்டில் அவர் எழுதிய பக்கங்களில் அடித்தல் திருத்தல் ஒன்றுகூடப் பார்க்க முடியாது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எல்லாம் ஒரு ஊறுகாய் ஜாடியில் ஆரம்பித்தது.

போன கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் சிறப்பு வகுப்பு வைத்தோம். அண்ணன் ஓய்வு பெற்ற பிறகு செல்போனில் நிறைய வீடியோ பார்க்க ஆரம்பித்திருந்தார். ஒருநாள் பெரிய கண்ணாடி ஜாடி ஒன்றோடு வந்தார். உள்ளே ஜல்லி, மணல், களிமண், மரத்தூள், முக்கால் பங்கு தண்ணீர். மூடியை இறுக்கி, குலுக்கு குலுக்கென்று குலுக்கி, என் கையில் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். நானும் பிடித்துக்கொண்டு நின்றேன். கலங்கல் தெளியத் தெளிய, ஜல்லி அடியில், அதற்கு மேல் மணல், அதற்கு மேல் களிமண் என்று படிந்தது. மரத்தூள் மிதந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

“பாத்தியளா? வேதத்துல சொல்லுத பெருவெள்ளம் வந்தப்பம் இப்படித்தான் பாறை எல்லாம் அடுக்கு அடுக்கா உக்காந்திச்சு. கனமானது கீழ, லேசானது மேல. நத்தை, மீனு எல்லாம் அடியில மாட்டிக்கிட்டு. ஓடத் தெரிஞ்ச மிருகம் மலைமேல ஏறிப் போயி, பொறவு மேல் அடுக்குல மாட்டிக்கிட்டு. கோடி வருஷம் ஆச்சுன்னு ஸ்கூல்ல சொன்னா, சரின்னு கேட்டுட்டு வந்துருங்க. நம்பாதீங்க.”

முன்வரிசையில் இருந்த ஒரு பெண், அண்ணனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாள். “ஆன்ட்டி, உங்க ஆபீஸ் பத்தர்லயும், அந்தக் கல்லுலயும், இப்படித்தான் இருக்கா? சச் மே, நிஜமாவா?”

நான் பாறையோடு வேலை செய்கிறவள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். லோதி ரோடு பக்கம் ஓர் அரசு அலுவலகத்தின் பரிசோதனைக் கூடத்தில், கல்லைப் பொடித்து, அதற்குள் புதைந்திருக்கும் பழங்காலத்துப் பூந்தூளைப் பிரித்தெடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது என் வேலை. தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஜாடி கனத்துக்கொண்டிருந்தது. அண்ணன் சிரித்த முகமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்ல” என்றேன்.

அவ்வளவுதான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்பார்கள். சரி, விட்டுக்கொண்டேன். பிள்ளைகள் சும்மா விடுவார்களா? ஏன் இல்லை, எப்படி இல்லை என்று துளைத்தார்கள். அடுத்த ஞாயிறு நான் அவர்களுக்கு எங்கள் அலுவலகத்தில் வந்த வெள்ளத்தின் கதையைச் சொன்னேன். பெற்றோர்களில் சிலர் போய்க் கமிட்டியில் முறையிட்டார்கள். கமிட்டி கூடி, வகுப்பெடுக்கிற எல்லோரும் கையெழுத்திட வேண்டும் என்று ஓர் அறிக்கை தயாரித்தது. ‘எல்லோரும்’ என்றால் நான் ஒருத்திதான். வேறு ஆசிரியர் யாரும் கிடையாது.

பிள்ளைகளிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். மறைக்க அதில் ஒன்றுமில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கிழக்கே ஒரு நிலக்கரிப் பகுதியில் பூமியை ஆழமாகத் துளைத்து, கல்லை உருளை உருளையாக உருவி எடுத்து எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். முருங்கைக்காயைத் துண்டு போட்டு வைத்தது போல, நீளப் பெட்டிகளில் வரிசையாக வரும். மேலே இருந்த கல் முதல் பெட்டியில், அடி ஆழத்துக் கல் கடைசிப் பெட்டியில். ஒவ்வொரு துண்டும் எத்தனை மீட்டர் ஆழத்தில் கிடைத்தது என்று சாயத்தால் எழுதியிருக்கும், சீட்டும் கட்டியிருக்கும். வரிசை போனால் அந்தக் கல்லுக்கு மதிப்பில்லை. வீடு கட்டக்கூட உதவாது.

மழையில் வாசல் சாக்கடை பொங்கிக் கீழ்த்தளத்துக்குள் இறங்கியது. துருப்பிடித்த ரேக்குகள் சரிந்து பெட்டிகள் உடைந்தன. தண்ணீர் வடிந்த பிறகு நான் கண்ட காட்சியை மறக்கவே மாட்டேன். சேறு, அதில் கல் துண்டு, யாருடையதோ ஒற்றைச் செருப்பு, ஃபைல்கள், செத்த எலி, பியூஸ் போன பல்பு, யாரோ ஓய்வு பெற்ற விருந்தில் மிஞ்சிய தெர்மோகோல் தட்டு. ஜாடியில் தெரிந்தது போல அழகான அடுக்கு எதுவும் இல்லை. எங்கே கையை விட்டாலும் எல்லாம் கிடைத்தது. வெள்ளம் என்றால் அதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மேலதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்று தகவல் வந்தது. ஒரு நாள் நான் விடுப்பில் இருந்தபோது, அலுவலக உதவியாளர் அத்தனை துண்டுகளையும் வெளியே எடுத்து, சோப்புத்தூள் போட்டு, பிரஷால் தேய்த்துக் கழுவிவிட்டார். நல்ல மனுஷர். யாரும் சொல்லாமல் தானாகவே ஒரு வேலை செய்தது, எனக்குத் தெரிந்து, அந்த ஒரு தடவைதான். எண்கள் போயே போய்விட்டன. பிறகு புதுப் பெட்டிகளில் பெரிய துண்டு முதலில், சின்னது அடுத்து, கறுப்பெல்லாம் ஒரு பக்கம், வெளுப்பெல்லாம் ஒரு பக்கம் என்று மிட்டாய்க் கடை போல அடுக்கி வைத்துவிட்டார். நான் வந்ததும் பெருமையாகக் கூட்டிக்கொண்டு போய், அப்படியே வரிசையில் இருக்கிறது பாருங்கள் என்று காட்டினார். “தேக்கியே மேடம், ஏக்தம் லைன் மே.”

எந்தத் துண்டு எந்த ஆழத்தில் கிடைத்தது என்று இனி யாருக்கும் தெரியாது. ஆனால் அதிகாரிக்கு அது போதுமாக இருந்தது. வெள்ளத்தால் சேதம் எதுவுமில்லை, மாதிரிகள் அனைத்தும் வரிசையில் உள்ளன என்று ஒரு சான்று தட்டச்சு செய்து என் முன்னால் வைத்தார். நான் இன்னும் நிரந்தரமாகாதவள். கையெழுத்துப் போட்டேன். ஆமாம், போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களில் நானும் ஒருத்தி.

அன்று சாப்பிடும்போது அண்ணனிடம் சொன்னேன். அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

“வரிசையில இருக்கா?”

“சைஸ் வரிசையில இருக்குண்ணே.”

“நான் அதையா கேட்டேன்?”

அவரே சொன்னார். “பொய்யில கையெழுத்துப் போட்டு வாங்குத சம்பளத்துல எனக்கு ஒரு டம்ளர் தண்ணி வேண்டாம்ட்டி. நாளைக்குப் போயி எழுதிக் குடுத்திரு. நானும் வாரேன்.”

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு என்னோடு பஸ்ஸில் வந்தார். உள்ளே நான் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வரும்வரை, வாசலில் வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கடிதத்தால் நான் நிரந்தரமாவது ஒரு வருஷம் தள்ளிப்போனது. போதாததற்கு அதிகாரி, இவ்வளவு யோக்கியமானவள் நீயே வரிசை வை என்று சொல்லிவிட்டார். தண்டனை என்று நினைத்துத்தான் சொன்னார்.

நான் அழுகிற மாதிரி நின்றேன். எங்கள் கூடத்தின் தலைவி ஒரு பெங்காலி அம்மாள். அவர் இந்தியில் சொன்னார்: கல்லுக்கு வெளியேதான் கழுவியிருக்கிறார்கள், உள்ளே எழுதியிருப்பதை யாரும் கழுவ முடியாது, அதைப் படி.

படித்தேன். மழைக்காலம் முடிந்து, அந்தக் குளிர்காலம் பூராவும் அதே வேலை. ஒவ்வொரு துண்டிலும் நடுவிலிருந்து ஒரு சில்லு எடுத்து, பொடித்து, அமிலத்தில் கரைத்து, சலித்து, மிஞ்சிய தூசியைக் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பது. சில கற்களில் இரண்டு பக்கமும் இறக்கை வைத்த தூள். நடுவில் கோடு கோடாக இருக்கும். நாக்கு வடிவத்தில் இலை விட்ட மரங்கள் நிலக்கரியானதே, அந்தக் காலத்துத் தூள். வேறு சில கற்களில் அந்தக் கோடு போட்டது இல்லை, வேறு தினுசு. இன்னும் சிலவற்றில் மட்டும் மூன்று பள்ளம் வைத்த தூள். அது பூக்கிற செடியின் தூள், எல்லாவற்றிலும் பிந்தியது. வேறு இடங்களில் போட்ட துளைகளில் எது கீழே, எது நடுவில், எது மேலே என்று முன்பே பதிவு செய்து வைத்திருந்தார்கள். அதை வைத்து நான் இந்தத் துண்டுகளை ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வந்தேன்.

ஒருநாள் நிலக்கரிக்குப் பக்கத்துக் கல்லில், இருக்கவே கூடாத இடத்தில், ஒரு பூந்தூள் கிடைத்தது. மூன்று பள்ளம், பளிச்சென்று. உண்மையாக இருந்தால் உலகமே என் பெயரைச் சொல்லும். ஓடிப்போய் அந்த அம்மாளைக் கூட்டிவந்தேன். அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் திறந்திருந்தது, வெளியே ஒரு கீக்கர் மரம், நம் ஊர்ச் சீமைக்கருவேல், பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. பழந்தூள் தேன் நிறத்தில் பழுத்திருக்கும், என் தூளோ நேற்றுப் பூத்தது போல வெளுத்திருந்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு மூன்று முறை திரும்பச் செய்தேன். அது மறுபடி வரவில்லை. அந்தக் கண்ணாடித் தகட்டில் சிவப்பு மையால் புள்ளி வைத்து இன்னும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். என் முட்டாள்தனத்துக்கு நினைவுச் சின்னம்.

நான் அடுக்கி முடித்த பிறகுதான், துளை போட்ட முகாமிலிருந்து ஒரு கார்பன் காப்பி நோட்டு வந்து சேர்ந்தது. எந்த ஆழத்தில் எந்தத் துண்டு, என்ன நீளம், என்ன நிறம், எங்கே உடைந்தது என்று தொழிலாளிகள் அன்றன்றைக்கு எழுதியது. அது இருக்கிறதென்றே எங்களுக்குத் தெரியாது. அம்மாள் நோட்டைப் படிக்க, நான் பெட்டியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். எல்லாம் சரியாக இருந்தது, இரண்டைத் தவிர. அந்த இரண்டும் அடுத்தடுத்த துண்டுகள். முன்னதைப் பின்னால் வைத்துவிட்டேன். மைக்ராஸ்கோப்பில் மட்டுமே தெரிகிற தூசியை நம்பி, ஒரு வெள்ளமும் ஒரு சோப்புத்தூளும் கலைத்ததை நான் திரும்ப அடுக்கியிருந்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரும் கொடுக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது.

இது எங்கள் சபைக்கு மட்டும் வந்த நோய் என்று மற்றவர்கள் சிரிக்க வேண்டாம். அலுவலகத்தில் ஒரு தமிழ்க்காரர், மலை மந்திர் முருகன் கோயிலுக்கு வாரம் தவறாமல் போகிறவர், மீன், ஆமை, பன்றி என்று நம் அவதார வரிசைதானே உங்கள் பாறையிலும் இருக்கிறது என்பார். அப்படியானால் தவளை எங்கே சார், பறவை எங்கே, மலை மலையாகத் திரிந்த அந்தப் பெரிய பல்லிகள், டைனோசர்கள், எங்கே என்று கேட்டேன். அவர் டீ ஆறுகிறது என்று போய்விட்டார். வேண்டியதைப் பொறுக்கி எடுத்து அடுக்கினால், அது சோப்புத்தூள் போட்டுக் கழுவி அடுக்கியதுதான். எந்தச் சாமி பெயரைச் சொல்லி அடுக்கினால் என்ன?

அறிக்கைத் தாளோடு அண்ணன் என் குவார்ட்டர்ஸுக்கு ஒரு சாயங்காலம் வந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். தாளை மேசையில் வைத்து, பேனாவையும் மூடி கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

“நீ சொல்லுத தூளு லேசானதுதானட்டி. வெள்ளத்துல மிதந்து மேல போயிருக்கும்லா.”

“அப்படின்னா இறக்கை வச்ச தூளுதான மேல இருக்கணும்? காத்துப்பை மாதிரி ரெண்டு பக்கமும் வச்சிருக்கு, அதுதான் நல்லா மிதக்கும். கோடு போட்ட இறக்கைத்தூளு அடியில கிடக்கு. இறக்கை இல்லாத பூந்தூளு மேல மட்டும்தான் இருக்கு. கீழ ஒண்ணுகூட இல்ல.”

“மிருகமெல்லாம் ஓடிருக்கும்.”

“மிருகம் ஓடட்டும். மாமரம் ஓடுமாண்ணே? அந்த நிலக்கரியில ஒரு மாவிலை கிடையாது, ஒரு புல்லு கிடையாது. மாமரத்துக்கும் புல்லுக்கும் கால் முளைச்சு மலைமேல ஏறிட்டுன்னு சொல்லுதீயளா?”

அவர் டீயைக் குடித்தார். நான் நிறுத்தவில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்தது.

“நடு இந்தியாவுல, பாறைக்கு நடுவுல அந்தப் பெரிய பல்லி முட்டையிட்ட கூடு கிடக்கு. குழி தோண்டி, வரிசையா முட்டை வச்சிருக்கு. அந்தப் பாறைக்குக் கீழயும் படிஞ்ச பாறை இருக்கு, அதுவும் வெள்ளத்துல வந்ததுதான்னு சொல்லுதீய. அப்பம் வெள்ளத்துக்கு நடுவுல ஒக்காந்து முட்டை போட்டது யாரு? தண்ணி வடியட்டும்னு காத்துக்கிட்டு இருந்துச்சா?”

“ஏட்டி, நீயே சொன்னியே, ஒரு தடவை அடியில பூந்தூளு கிடைச்சுதுன்னு. உங்க கொள்கைக்கு ஒத்து வரலன்னு அதைத் தூக்கிப் போட்டுட்டிய. அதுவும் பொய்தான?”

அண்ணன் கெட்டிக்காரர். சரியான இடத்தில்தான் குத்தினார்.

“தூக்கிப் போடல. இன்னும் டிராயர்ல இருக்கு, வாங்க காட்டுதேன். அது நெசமா இருந்திருக்கணும்னு என்னை மாதிரி ஆசைப்பட்டவ யாரும் கிடையாது. மூணு தடவை தேடுனேன். ஜன்னலைச் சாத்தின பொறவு அது வரல. நீங்க அந்த ஜாடியை ஒரு தடவையாவது ஜன்னலைச் சாத்திக்கிட்டுக் குலுக்கிப் பாத்தீயளா?”

நான் அவரிடம் அப்படிப் பேசியதே கிடையாது. அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“நீ சாமி கும்பிடாதவன்னு நான் சொல்லல. உன் ஜெபம் எனக்குத் தெரியாதா? ஆனா கமிட்டி ஒத்துக்கிட மாட்டேங்கு. நீ உள்ளுக்குள்ள என்ன வேணும்னாலும் நெனச்சுக்கோ. ஒரு கையெழுத்துதானட்டி. போட்டுட்டு வகுப்பை எடு. அந்தப் பிள்ளைகளை விட்டுட்டு நீ இருந்துருவியா?”

இருக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும். எனக்காகத்தான் கெஞ்சினார். பேனாவை எடுத்தேன், மூடியைத் தேடி எடுத்து மூடி, அவர் சட்டைப்பையில் செருகினேன்.

“வாட்ச்மேன் ஸ்டூல்ல ஒக்காந்திருந்தீயளே அண்ணே, ஞாபகம் இருக்கா?”

அவர் தாளை நான்காக மடித்தார். எழுந்து போனார். டம்ளரில் டீ பாதி அப்படியே இருந்தது.

அடுத்த ஞாயிற்றிலிருந்து வகுப்பு என்னிடம் இல்லை. அண்ணனே எடுத்தார். நான் சபையை விட்டுப் போகவில்லை. போக வேண்டும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள், அதனாலேயே போகவில்லை. பாறையைப் படைத்தவர் அதற்குள் எழுதி வைத்ததைப் படித்ததற்காக நான் ஏன் அவருடைய வீட்டை விட்டு வெளியேற வேண்டும்? கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்து அறையிலிருந்து பிள்ளைகளின் சத்தம் கேட்கும்போதெல்லாம் கைப்பையைத் திறந்து எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டேன். அழுகிறாள் என்று யாரும் சொல்லக் கூடாது.

இரண்டு மாதம் கழித்து வருடாந்திரப் பொதுக்கூட்டம். ஆராதனை முடிந்து, உப்புமா சாப்பிட்டு, எல்லோரும் ஹாலில் உட்கார்ந்தோம். வழக்கப்படி செயலாளர் குறிப்பேட்டை வாசிப்பார், ஏற்கிறவர்கள் கையை உயர்த்துவார்கள். யாரும் கவனித்துக் கேட்பதில்லை. பெண்கள் அந்தக் கூட்டத்தில் பேசியதாக எனக்கு நினைவில்லை. அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். வாடகை ஒப்பந்தம், ஒலிபெருக்கி பழுது, அதற்குப் பிறகு இது: “ஞாயிறு வகுப்பு ஆசிரியை, உடல்நலம் கருதி, தம் சொந்த விருப்பத்தின் பேரில் பொறுப்பிலிருந்து விலகினார். அவரது நீண்ட சேவைக்குச் சபை நன்றி தெரிவிக்கிறது.”

எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் யாராவது புரட்டிப் பார்த்தால் தங்கைக்கு ஒரு களங்கம் இருக்கக் கூடாது என்று, ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல், அச்சு மாதிரி எழுதியிருக்கிறார். கைகள் உயரத் தொடங்கின. நான் எழுந்தேன்.

“அண்ணே, அது சரியில்ல.”

ஹால் திரும்பிப் பார்த்தது.

“நான் விலகல. எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. கையெழுத்துப் போடலன்னு கமிட்டி என்னை எடுத்துட்டு. நடந்தது அதுதான். அப்படியே எழுதுங்க.”

முன்வரிசையில் கமிட்டிக்காரர் ஒருவர் திரும்பி, “உங்க மரியாதைக்குத்தாம்மா அப்படி எழுதியிருக்கு, விடுங்களேன்” என்றார்.

“கழுவி அடுக்குனது எனக்கு வேண்டாம்” என்றேன்.

அது மற்றவர்களுக்குப் புரிந்திருக்காது. அண்ணனுக்குப் புரிந்தது. பையிலிருந்து ஸ்கேலை எடுத்து, அந்த இரண்டு வரிகளின் மேல் கோடு போட்டார். இத்தனை வருஷத்தில் அந்த நோட்டில் விழுந்த முதல் அடித்தல். பக்கத்து ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதினார். எழுதி முடித்து, எழுந்து நின்று வாசித்தார். ஓய்வு பெற்ற செக்‌ஷன் ஆபீசரின் குரல்தான்.

“பாறை அடுக்குகள் யாவும் ஒரே வெள்ளத்தில் உண்டானவை என்ற அறிக்கையில் கையெழுத்திட மறுத்ததால், ஞாயிறு வகுப்பு ஆசிரியை பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார்.”

நோட்டிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டார். “இப்பம் சரியா?”

“சரி” என்றேன். ஏற்கிறவர்கள் கையை உயர்த்தலாம் என்று அவர் சொன்னபோது, அந்த ஹாலில் முதலில் உயர்ந்த கை என்னுடையதுதான்.